பால்மர நிழலில் பாலபருவம்: சாஆ வட்டாரத் தோட்டங்களின் கதை

சாஆ வட்டாரத் தோட்டங்களில் பிறந்த தமிழ்க் குழந்தைகளின் முதல் ஆறேழு ஆண்டுகள் பெரும்பாலும் கூரைக்கு வெளியேதான் கழிந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் அஞ்சடி (முன்தாழ்வாரம்), ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், செம்மண் சடக்கு (சாலை), அதற்கப்பால் நிரை நிரையாக நின்ற பால்மரங்கள் ஆகியவையே அவர்களின் முதல் பாடசாலை. பள்ளியும் பாடநூலும் பிறகு வந்தன. பல குடும்பங்களுக்கு வராமலே போயின. ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிசுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில் இருக்கும் இச்சிறு நகரைச் சுற்றி ரப்பரும் பின்னர் செம்பனையும் நடப்பட்ட வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அந்த மரங்களுக்கடியில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள், என்ன கற்றார்கள் என்பது அந்த வரலாற்றின் ஓரத்தில்கூட அரிதாகவே இடம்பெறுகிறது.

1877-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளிலிருந்து தொடங்கிய பயிர், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் மலாயாவின் மேற்குப் பகுதியெங்கும் பரவிவிட்டது. ஜொகூரின் உட்பகுதிக்கு அது வேகமாகப் பரவ இருப்புப்பாதை வழிசெய்தது. கெமாசிலிருந்து சிகாமட், லாபிஸ், பெக்கோக், குளுவாங் வழியாக ஜொகூர் பாரு வரை செல்லும் பாதை 1909-இல் முழுமை பெற்றது. பெருங்காடு வெட்டி எரிக்கப்பட்டது. கரிந்த அடிக்கட்டைகளுக்கிடையே நாற்று நடப்பட்டது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினர். 1907-இல் ஏற்பட்ட இந்தியர் குடியேற்ற நிதி அந்தப் பயணச் செலவைத் தோட்ட முதலாளிகளுக்கிடையே பங்கிட்டது. முதலில் ஆண்களே மிகுதியாக வந்தனர். பெண்களும் குடும்பங்களும் வரத் தொடங்கியபின், மரம் சீவும் தாயின் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி நிர்வாகத்தின் முன் வந்து நின்றது.

அந்தக் கேள்விக்குத் தோட்டம் கண்ட விடை ஆயாக் கொட்டகை. ரப்பர் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். ஆகவே விடியுமுன்னே பெரட்டு கூடியது. கிராணி (எழுத்தர்) பேர் கூப்பிட, தண்டல் (மேற்பார்வையாளர்) வேலையைப் பிரித்துக்கொடுக்க, ஆண்களும் பெண்களும் உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு தத்தம் நிரைக்குப் போனார்கள். அதற்கு முன்பே, தூக்கம் கலையாத குழந்தைகள் கைலித் துணியில் சுற்றப்பட்டுக் கொட்டகைக்கு வந்துசேர்ந்திருக்கும். கொட்டகை என்பது பெரும்பாலும் பக்கச்சுவர் முழுமையாக இல்லாத பலகைக் கூடம். உத்தரத்திலிருந்து வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். மரம் சீவ உடல் ஒத்துழைக்காத வயதான பெண்களே ஆயாக்கள். ஓரிருவர் பார்வையில் பத்து, இருபது குழந்தைகள் இருப்பதுண்டு. தவழும் பருவம் தாண்டிய பிள்ளைகளைத் தொட்டிலில் வைத்திருக்க முடியாது. அவர்கள் கொட்டகையைச் சுற்றிய மண்ணிலும் மரத்தடியிலும் பகலைக் கழித்தார்கள். நான்கு வயதுப் பிள்ளை இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவதும், ஆறு வயதுப் பிள்ளை அந்த இருவருக்கும் காவலாக நிற்பதும் வழக்கமாயின.

இந்த ஏற்பாட்டைக் கல்வி என்று யாரும் அன்று நினைக்கவில்லை. தாயின் கை வேலைக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே நிர்வாகத்தின் நோக்கம். குழந்தைகள் ஏராளமாக இறந்த தோட்டங்களுக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதும், இந்திய அரசின் கண்காணிப்பு இருந்ததும் உடன் சேர்ந்துகொண்டன. 1923-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட ஓர் இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கூட்டரசுக்கு வெளியே இருந்த ஜொகூரும் அதை ஒட்டியே தன் சட்டத்தை வகுத்துக்கொண்டது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்ன கற்க வேண்டும் என்று இச்சட்டங்கள் பேசவில்லை. அந்த மௌனத்தால் விளைந்த வெற்றிடத்தில்தான் பால்மரக் காடு பிள்ளைகளுக்கு ஆசிரியராயிற்று.

பால்மரக் காடு இயற்கைக் காடன்று. கயிறு பிடித்து நட்ட மரங்களின் வரிசை அது. ஆனால் தோட்டத்து மக்கள் அதைக் காடு என்றே சொன்னார்கள், பிள்ளைகளுக்கும் அது காடாகவே இருந்தது. லயத்தை ஒட்டிய கீரைப் பாத்திகள், முருங்கை, வாழை, மரவள்ளி அதன் முதல் எல்லை. அடுத்து நிரைகள். நிரைகளுக்கிடையே மழைநீர் வடிய வெட்டிய அல்லூர்கள். பள்ளத்தில் நட முடியாமல் விட்ட சதுப்பு. அங்கே பெரணியும் காட்டுச் சேம்பும். அதற்கும் அப்பால், கிழக்கே மலைகள் உயரும் திசையில், யானையும் புலியும் உலவிய பெருங்காடு. ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு வயது இருந்தது. சின்னப் பிள்ளை பாத்திவரை போகலாம். கொஞ்சம் வளர்ந்தவன் நிரைவரை. அல்லூரில் இறங்க அண்ணன் துணை வேண்டும். பெருங்காட்டுப் பக்கம் பெரியவர்களே கூட்டமாகத்தான் போவார்கள்.

ஆண்டின் சுழற்சியைப் பிள்ளைகள் மரத்தைப் பார்த்தே அறிந்தார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலையுதிர்க்கும். பச்சை இலைகள் செம்பழுப்பாகி உதிர, கணுக்கால் புதையும் சருகு நிரைகளில் நிரம்பும். மேலே வானம் திறந்துகொள்ளும். அந்நாள்களில் பால் குறையும், கூலியும் குறையும், வீட்டில் பேச்சின் தொனியும் மாறும். பிறகு செம்பு நிறத் தளிர், அதனுடன் சிறு மஞ்சள் பூ. ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து, வெயில் காயும் நண்பகலில், முற்றிய காய்கள் வெடிக்கத் தொடங்கும். ஒரு காயில் மூன்று விதை. வெடிச் சத்தம் வந்த திசையையும் விதை விழுந்த இடத்தையும் காதால் கணித்து ஓடுவதே ஒரு விளையாட்டு.

அந்த விதை தோட்டத்துப் பிள்ளையின் முதல் செல்வம். பழுப்பு நிறத்தில், வெண்புள்ளியும் கீற்றும் கொண்டு, ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விதைகளை வைத்துக் கைமுட்டியால் குத்தி, உடையாத விதைக்காரன் வெல்லும் போட்டியை மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மாதிரி விளையாடினார்கள். சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்திலிருப்பவன் தொடையில் வைப்பார்கள். உராய்வு வெப்பம் தரும் என்ற பாடம் அங்கே தோலில் எழுதப்பட்டது. பல்லாங்குழிக்கு அதுவே காய், கூட்டல் கழித்தலுக்கு அதுவே எண். பருப்பைப் பச்சையாகத் தின்னக்கூடாது, நஞ்சு என்பதும் ஆயா சொல்லித் தெரிந்த அறிவு. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதை வேதியியல் பின்னர் விளக்கியது.

இலையும் வீண்போகவில்லை. தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவிட்டால் சதை அழுகிக் கழிந்து, நரம்பு வலை மட்டும் மெல்லிய துணிபோல் எஞ்சும். அதை உலர்த்திச் சாயமேற்றிப் புத்தகத்தில் வைத்துக்கொள்வார்கள். வெட்டுக் கோட்டில் காய்ந்து படிந்த ஒட்டுப்பாலைக் கீற்றாக உரித்து, உருண்டையாகச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வார்கள். ஒட்டுப்பாலுக்கும் நிறுவை உண்டு, கூலி உண்டு என்பதால் இது வீட்டில் அடி வாங்கித்தரும் காரியம். கொய்யாக் கட்டையில் பம்பரம் செதுக்கவும், கிட்டிப்புள்ளுக்கு எந்தக் கிளை பிளக்காது என்று தேரவும் பிள்ளைகள் கத்தி பிடித்தார்கள். இன்று ஐரோப்பியக் காட்டுப் பாலர் பள்ளிகளில், சிறு கைகள் கருவியைக் கையாளக் கற்பது பயிற்சிபெற்ற ஆசிரியரின் கண்காணிப்பில் நடக்கும் பாடம். தோட்டத்தில் அதைக் கற்றுக்கொடுத்தது எட்டு வயது அண்ணன்.

நீரும் பூச்சியும் இன்னொரு பாடம். அல்லூரின் நிழலான மூலையில், நுரைக்குமிழ்க் கூட்டின் அடியில் சண்டை மீன் இருக்கும் என்று தெரிந்தவன் கையை மெல்ல நுழைப்பான். இரண்டு இலைகளை ஒட்டவைத்து நடுவில் வாழும் சண்டைச் சிலந்தியைப் பிடித்துத் தீப்பெட்டியில், ஈர இலையோடு, அடைத்து வைப்பார்கள். உயிரினத்தின் இருப்பிடம், அதன் உணவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் உள்ள வேறுபாடு எல்லாம் இந்தச் சேகரிப்பின்வழி மனத்தில் பதிந்தன. தொட்டாற்சுருங்கி எவ்வளவு நேரத்தில் மீண்டும் விரியும் என்று காத்திருப்பதும், நாக்கை ஊதாவாக்கும் செண்டுடுக் பழத்தைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வதும் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பொழுது. பெரணித் தளிர், பொன்னாங்கண்ணி, மரவள்ளி இலை என்று எதைப் பறித்துவந்தால் அம்மா சமைப்பாள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விளையாட்டுக்கும் வீட்டுக்கு உதவுவதற்கும் இடையே கோடு இல்லை.

ஆயினும் அந்தக் காட்டை அழகுபடுத்திக் காட்டுவது அங்கே மடிந்த குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. முதல் எதிரி மலேரியா. பெருங்காடு இருந்தவரை நிழலான சதுப்பில் வளர்ந்த கொசு ஒரு வகை. காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் பட்டதும், வெளிச்சமான தெளிநீரில் முட்டையிடும் இன்னொரு வகை பெருகியது. கிள்ளானில் 1901 முதல் மலேரியாவோடு போராடிய மருத்துவர் மால்கம் வாட்சன், ஒரு தோட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறியக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளின் விகிதமே அளவுகோல். ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது, கொயினா மருந்து பெரட்டிலேயே ஊட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த தண்ணீரே அவர்களுக்கு மிகவும் ஆபத்தான இடமாக இருந்தது. செருப்பில்லாத கால்வழி கொக்கிப்புழு ஏறியது. லாலான் புல்லை அழிக்கத் தெளித்த சோடியம் ஆர்சனைட் கொடிய நஞ்சு. அதன் இடத்தை 1960-களில் பிடித்த பாராகுவாட்டும் அப்படியே. மலேசியாவில் அதற்கு முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மருந்து அடித்த நிரை எது என்பதைப் பிள்ளைகள் புல்லின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது எதிரி வேலை. பத்து வயதை எட்டிய பிள்ளை, சில வேளை அதற்கு முன்பே, சின்னாள் என்ற பெயரில் புல் பிடுங்கவும் பால் வடியும் மங்குகளைத் துடைக்கவும் போனது. பெற்றோரின் நிரையில் கூலியின்றி உதவிய சின்னஞ்சிறுவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஐந்து வயதுவரை விளையாட்டாய் இருந்த அதே மரம், அடுத்த ஐந்தாண்டுக்குள் பாரமாகியது. காட்டறிவு முதலாளிக்கு இலவசமாகக் கிடைத்த தொழிற்பயிற்சியாகவும் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

தோட்டப் பள்ளி இந்த அறிவைக் கண்டுகொள்ளவில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்பதே பொதுவான நிலை. தொடக்க காலத்தில் கிராணியோ கங்காணியோ படித்த தொழிலாளியோ ஆசிரியராக இருந்தார். மணலில் விரலால் எழுதும் திண்ணைப் பள்ளி மரபு கடல் கடந்து வந்திருந்தது. பாடநூல்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தன. அவற்றிலிருந்த காவிரியும் ஆலமரமும் சாஆவில் பிறந்த பிள்ளை பார்த்திராதவை. வாசலுக்கு வெளியே நின்ற மரம் பாடத்தில் இல்லை. பிள்ளை ஏற்கெனவே அறிந்த உலகிலிருந்து எழுத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டாமல் போனது, கட்டடமும் சம்பளமும் குறைவாக இருந்ததைவிடப் பெரிய குறையாகவே தோன்றுகிறது; அதற்குப் பணம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

தோட்டப் பள்ளிகளுக்கு முன்பிருந்தே வேறிடங்களில் வேறு கருத்து வளர்ந்துகொண்டிருந்தது. பிரெடரிக் ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்கில் தொடங்கிய பாலர் நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தோட்டப் பாத்தி உண்டு. 1901-இல் தாகூர் சாந்திநிகேதனில் மரத்தடி வகுப்பைத் தொடங்கினார். லண்டனின் டெப்ட்ஃபோர்டு சேரியில் மார்கரெட் மெக்மில்லன் 1914-இல் திறந்தவெளிப் பாலர் பள்ளி கண்டார். காற்றும் வெளிச்சமும் தோட்டமும் ஏழைக் குழந்தையின் உடலைத் தேற்றும் என்பது அவர் நம்பிக்கை. காட்டையே வகுப்பறையாகக் கொள்ளும் எண்ணம் டென்மார்க்கில் 1950-களின் தொடக்கத்தில் எல்லா ஃப்லாட்டாவ் என்ற தாயின் முயற்சியில் உருவெடுத்தது. பிள்ளைகளைத் தினமும் காட்டுக்கு அழைத்துப் போனார். மற்றப் பெற்றோரும் சேர்ந்துகொண்டனர். ஸ்வீடனில் யோஸ்தா ஃப்ரோம் 1957-இல், காட்டில் வாழும் முல்லே என்ற கற்பனைப் பாத்திரத்தின்வழி சின்னப் பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லித்தரும் இயக்கத்தைத் தொடங்கினார். 1993-இல் டென்மார்க்கைப் பார்த்துத் திரும்பிய இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக் குழுவினர் அந்நாட்டுக் காட்டு வகுப்பறை முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நகரம் காட்டைப் பிள்ளையிடமிருந்து பறித்த இடங்களில்தான் இந்தத் திட்டங்களில் பல முளைத்தன.

டென்மார்க்கில் தாய்மார் பிள்ளைகளோடு காட்டுக்குள் நடந்த அந்த ஆண்டுகளில், சாஆ வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் காடு முள்வேலியால் அடைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே ஜப்பானிய ஆட்சி 1942 முதல் 1945 வரை தோட்டங்களைச் சிதைத்திருந்தது. பர்மா-சயாம் இருப்புப்பாதை வேலைக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவராகப் பிடித்துச் செல்லப்பட்டனர், மிகப் பலர் திரும்பவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்தன, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கும் ஓரத்துக் கீரையும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைகளின் கண் அன்று குடும்பத்தின் வயிற்றுக்கு உதவியது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் பிறந்தது. வட ஜொகூரின் சிகாமட், லாபிஸ், சாஆ, பெக்கோக் பகுதி கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் நெடுங்காலம் நிலைகொண்ட வட்டாரம். 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். சாஆவிலும் ஒரு புதுக்கிராமம் எழுந்தது. தோட்டங்களில் சிதறியிருந்த லயங்களும் ஒரே இடத்தில் கூட்டி வேலியிடப்பட்டன. ஊரடங்கு நேரம், வாயிலில் சோதனை, சோற்றுப் பொட்டலத்தை வெளியே கொண்டுபோகத் தடை. நிரைக்குள் ஓடிய பிள்ளை துப்பாக்கிக்கு இலக்காகலாம் என்ற அச்சத்தில் தாய்மார் எல்லையைச் சுருக்கினர். 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வேலிக்குள்ளேயே வளர்ந்துவிட்டார்கள்.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் மெதுவானது, ஆனால் திரும்பாதது. 1950-களிலிருந்தே ஐரோப்பிய நிறுவனங்கள் விற்ற பெருந்தோட்டங்கள் துண்டாக்கப்பட்டன. வேலையும் வீடும் இழந்தவர்களுக்காகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சிய தோட்டங்களில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை ஏறியது. ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்ததாகக் கணக்கு சொல்லும். பிள்ளைகளுக்கோ இடமே மாறிப்போனது. செம்பனை மட்டையில் முள். குலை வெட்டும்போது மட்டையும் பழமும் மேலிருந்து விழும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நிழல் இருந்தும் தரை விளையாடத் தோதில்லை. வெடிக்கும் காய் இல்லை, இலையுதிர் காலம் இல்லை, ஆண்டின் பருவத்தை அறிவிக்கும் நிறமாற்றமும் இல்லை.

பிள்ளைகளுக்கான ஏற்பாடும் சட்டத்தில் இரண்டாகப் பிரிந்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்டோரின் காப்பகங்களை ஒரு துறையின் கீழ் கொண்டுவந்தது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி முறையின் பகுதியாக்கியது. கைக்குழந்தையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே மரத்தடியில் வளர்ந்த ஆயாக் கொட்டகையின் அமைப்புக்கு இரண்டிலும் இடமில்லை. அந்தக் கலப்புதான் அதன் பலம். மூத்தது இளையதற்குக் கற்பித்தது அங்கே. சுகாதாரத்திலும் பாதுகாப்பிலும் புதிய முறை மேல் என்பதில் ஐயமில்லை. 2010-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின்வழிக் கற்றலையும் சுற்றுப்புறத்தை ஆராய்தலையும் வலியுறுத்தியது. தாளில் அது சரிதான்; கான்கிரீட் முற்றமும் இரும்பு வாயிலும் கொண்ட வளாகத்தில் ஆராயச் சுற்றுப்புறம் வேண்டுமே.

வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையாலும் பட்டணத்து ஆலை வேலையாலும் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறின. பிள்ளைகள் குறைந்த தோட்டப் பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைய எண்ணிக்கை 530-ஐத் தாண்டாது. சாஆவில் உள்ள சந்துமான் (மலாயில் ‘இணைப்பு’) தமிழ்ப்பள்ளி தன் பெயரிலேயே அந்த இணைப்பைத் தாங்கி நிற்கிறது.

இதே வட்டாரத்தில் காட்டுக் கல்வி ஒருபோதும் அறுபடாத சமூகம் ஒன்றும் உண்டு. பெக்கோக்கின் கிழக்கேயுள்ள ஊர்களில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினர், நடக்கத் தொடங்கிய பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். பிரம்பு, மூலிகை, மீன்பிடி, தடம் பார்த்தல் எல்லாம் அங்கே கூட நடந்து கற்பவை. தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட பெருங்காடு அவர்களுடைய வாழ்விடம் என்பதையும் இவ்வரலாறு சேர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய காட்டைக் காக்க நடந்த போராட்டம் 1977-இல் எண்டாவ்-ரொம்பின் மரவெட்டு எதிர்ப்போடு வலுப்பெற்றது. 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கம் 1985, 1986-ஆம் ஆண்டுகளில் அங்கே பெரும் அறிவியல் பயணம் ஒன்றை நடத்தியது. 1989-இல் ஜொகூர் தன் தேசியப் பூங்காக் கழகச் சட்டத்தை இயற்றியது. சுமார் 489 சதுர கிலோமீட்டர் காடு ஜொகூர்ப் பக்கத்தில் காப்புப் பெற்றது. 1990-களில் கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு பள்ளிகளில் இயற்கை நேயர் மன்றங்கள் பரவின.

அப்பூங்காவின் இரண்டு வாயில்களில் ஒன்றான செலாய்க்கு பெக்கோக் வழியாகவே போக வேண்டும். சாஆவிலிருந்து எட்டும் தொலைவுதான். நுழைவு அனுமதி, வழிகாட்டி, வாகனம் ஆகியவை வேண்டும் என்பதால் அங்கே போவது பெரும்பாலும் மூத்த மாணவர்களின் முகாமாகவே நடக்கிறது. வழிகாட்டிகளில் ஜக்குன் மக்களும் உண்டு. எந்தக் கொடியை வெட்டினால் குடிநீர் கிடைக்கும், எந்தத் தடம் எந்த விலங்குடையது என்று அவர்கள் காட்ட, தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று இவ்வட்டாரத்தில் இன்னும் எஞ்சியிருப்பவை பள்ளித் தோட்டமும், கோயில் வளாகத்து மரத்தடியும், சிறுதோட்டக்காரர்கள் சிலர் இன்றும் வெட்டாமல் வைத்திருக்கும் பழைய பால்மர நிரைகளும்.